வீட்டுக்குள் போட ஒரு செருப்பு: காலை அளப்பதிலிருந்து தைத்து முடிப்பது வரை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பழைய வட ஆற்காட்டு ஊர்களைச் சொன்னால் பிரியாணிக்கு அடுத்தபடி நினைவுக்கு வருவது தோல்தான். இங்கே தைக்கிற ஷூ கடல் தாண்டிப் போகிறது. நம் வீட்டுக் கூடத்தில் அம்மா போட்டு நடப்பதோ, வெளியே போட்டுத் தேய்ந்து, கழுவி உள்ளே கொண்டுவந்த பழைய ரப்பர் செருப்பாக இருக்கும். தரையெல்லாம் டைல்ஸும் கிரானைட்டும் ஆன பிறகு, குதிகால் வலிக்கும் சர்க்கரைக்கும் டாக்டரே வீட்டுக்குள் செருப்பு போடச் சொல்கிறார். சரி, போடுவதுதான் போடுகிறோம், காலுக்கு ஏற்றதாகவும் பார்க்க லட்சணமாகவும் ஒரு ஜோடியை நாமே வடிவமைத்தால் என்ன?

வடிவத்தையும் அளவையும் நீங்கள் முடிவு செய்யுங்கள். அட்டை வெட்டுவது, மாதிரி செய்வது எல்லாம் வீட்டிலேயே முடியும். தோல் தையலையும் சோல் ஒட்டுவதையும், கைப்பழக்கம் இல்லையென்றால், செருப்பு தைப்பவரிடம் விட்டுவிடலாம். அவர் கையில் சரியான அட்டை போனால் பாதி வேலை முடிந்தது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செருப்பு சுகமாக இருப்பதும் அழகாக இருப்பதும் வார் எந்த இடத்தில் புறப்பட்டு எந்த இடத்தில் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. மெத்தை, தோல், நிறம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

யாருடைய கால்?

பொதுவாக ‘பெண்களுக்கு, 6ஆம் நம்பர்’ என்று தொடங்கினால் கடைச் செருப்புதான் கிடைக்கும். நம்மூர் டப்பாக்களில் அச்சிடுகிற ஆங்கில அளவுமுறையில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.46 மில்லிமீட்டர் வித்தியாசம். இடையில் விழுகிற கால் எல்லாம் ஏதோ ஒரு பக்கம் விட்டுக்கொடுத்துத்தான் போட வேண்டும். அதுவும் நீளத்தை மட்டும் சொல்கிற எண். பாதத்தின் அகலம் அதில் தெரியாது.

ஆகவே ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். நான் இங்கே அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவை வைத்துச் சொல்கிறேன். இரண்டாவது விரலில் மெட்டி. காலில் கொலுசு. குதிகாலில் பித்தவெடிப்பு. புடவை கட்டுகிறவர். பூஜை அறைக்குள் போகும்போது கழற்ற வேண்டும், குனிய முடியாது.

இந்த ஐந்து விஷயங்களே பாதி வடிவத்தைத் தீர்மானித்துவிடும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தண்டு வைத்த செருப்பு இவருக்கு ஆகாது. மெட்டி அந்தத் தண்டில் இடித்துக்கொண்டே இருக்கும், நாளடைவில் விரலிடுக்கு புண்ணாகும். சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் அந்தப் புண் தெரியக்கூடத் தெரியாது. உலோக பக்கிள் வேண்டாம், புடவைக் கொசுவம் மாட்டும். அதனால் விரல்களைத் திறந்து விட்டு, பாதத்தின் மேல் குறுக்கே இரண்டு அகல வார்கள், ஒவ்வொன்றிலும் வெல்க்ரோ. ஒரு முறை இறுக்கம் சரிபார்த்து வைத்துவிட்டால் அப்புறம் காலை நுழைத்து உருவுவதுதான்.

நடை தள்ளாடுகிறவர் என்றால் பின்னால் குதிகாலைப் பிடிக்க ஒரு வார் அவசியம். பின்வார் இல்லாத செருப்பு நழுவிப் பெரியவர்கள் விழுவது புதிதல்ல. குனிந்து மாட்ட வேண்டுமே என்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து மாட்டட்டும். விழுவதைவிட அது மேல்.

அளவு எடுப்பது

மாலையில் எடுங்கள். நாளெல்லாம் நின்று நடந்த பிறகு பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் எடுத்த அளவில் தைத்தால் சாயங்காலம் பிடிக்கும். நிற்க வைத்து எடுக்க வேண்டும், உட்கார வைத்து அல்ல. உடல் எடை இறங்கும்போது பாதம் நீளமும் அகலமும் கூடும்.

தடித்த தாள் ஒன்றைத் தரையில் ஒட்டுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையுங்கள். சாய்த்துப் பிடித்தால் கோடு காலுக்கு அடியில் போய்விடும், அளவு குறையும். இரண்டு காலையும் வரைய வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருக்காது. பெரிய காலின் அளவையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

தாளை எடுப்பதற்கு முன் இரண்டு புள்ளிகளைக் குறித்துவிடுங்கள். கட்டைவிரல் பாதத்தோடு சேரும் இடத்தில் உள்பக்கம் ஒரு எலும்பு புடைத்திருக்கும், அது ஒன்று. சுண்டுவிரல் சேரும் இடத்தில் வெளிப்பக்கப் புடைப்பு இன்னொன்று. இரண்டையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் அது நேராக இருக்காது, சாய்ந்திருக்கும். பெரும்பாலான கால்களில் உள்பக்கப் புள்ளி குதிகாலிலிருந்து பாத நீளத்தில் ஏறக்குறைய 72 சதவீதத்திலும், வெளிப்புள்ளி 62 சதவீதத்திலும் விழும். நடக்கும்போது பாதம் மடங்குவது இந்தச் சாய்கோட்டில்தான். கால் நீளம் 23.5 செ.மீ. என்றால் உள்புள்ளி 17 செ.மீ. அருகில், வெளிப்புள்ளி 14.5 செ.மீ. அருகில். உங்கள் தாளில் வேறாக வந்தால் தாளை நம்புங்கள், சதவீதத்தை அல்ல.

அடி அட்டை

வரைந்த கோட்டை அப்படியே வெட்டக் கூடாது. மிக நீளமான விரலுக்கு முன்னால் 1 செ.மீ., குதிகாலுக்குப் பின்னால் 5 மில்லிமீட்டர் சேருங்கள். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம், அதைப் பார்த்துச் சேருங்கள். பின்னால் சேர்க்கிற அந்த 5 மில்லிமீட்டர் பித்தவெடிப்புக்காக: குதிகால் விளிம்பில் உட்கார்ந்தால் வெடிப்பு இன்னும் பிளக்கும். 23.5 செ.மீ. காலுக்கு அட்டை 25 செ.மீ. ஆகிறது.

முன்பக்கத்தை வளைக்கும்போது கவனம். கட்டைவிரலின் உள்பக்கக் கோடு நேராகப் போக வேண்டும். அழகுக்காக நடுவில் கூராக்கினால் கட்டைவிரல் உள்ளே தள்ளப்படும். அகலமான முன்பக்கம் ஆம்பளைச் செருப்பு மாதிரி இருக்குமே என்று தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கூர்மையை அடியில் காட்ட வேண்டாம், வாரில் காட்டலாம். கீழே வருகிறேன்.

பாத வளைவு இருக்கும் உள்பக்க நடுப்பகுதியில் வரைந்த கோடு மிகவும் உள்ளே போயிருக்கும். அதை அப்படியே பின்பற்றாமல் கொஞ்சம் வெளியே இழுத்து மென்மையான வளைவாக ஆக்குங்கள். வெட்டிய அட்டையைத் திருப்பிப் போட்டால் அதுவே அடுத்த காலுக்கு.

வாரின் இடம்

இங்கே அவசரப்படாதீர்கள். அட்டை மேல் காலை வைத்து, முன் வார் எங்கே வரும் என்று பாருங்கள். 4 செ.மீ. அகல வார் என்று வைத்துக்கொள்வோம். உள்பக்கத்தில் அந்த எலும்புப் புடைப்பு வாரின் விளிம்பில் மாட்டக் கூடாது, வாரின் உடலுக்குள் அடங்க வேண்டும். நம் உதாரணத்தில் புடைப்பு 17 செ.மீ.இல் இருக்கிறது, எனவே அட்டையில் வார் நுழைகிற துளை 14 செ.மீ.இல் தொடங்கி 18 செ.மீ.இல் முடியட்டும் (இங்கே சொல்கிற அளவெல்லாம் பென்சில் கோட்டின் குதிகால் முனையிலிருந்து). வெளிப்பக்கத்தில் 11.5 முதல் 15.5 வரை. அதாவது வார் நேர்குறுக்காகப் போகாமல் பாதம் மடங்கும் சாய்கோட்டோடு ஒத்துப் போகிறது. மலிவான செருப்புகளில் வார் நேராகக் குறுக்கே போவதைப் பார்த்திருப்பீர்கள். சுண்டுவிரல் பிதுங்கி வெளியே வருவது அதனால்தான்.

இரண்டாவது வார் பாதத்தின் மேட்டில். 3.5 செ.மீ. அகலம் போதும். உள்பக்கம் 8.5 முதல் 12 வரை, வெளிப்பக்கம் 7 முதல் 10.5 வரை. பாதம் முன்னால் சறுக்காமல் பிடிப்பது இந்த வார்தான். இது தளர்ந்தால் முன் வார் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் விரல்கள் செருப்பைக் கவ்விக்கொண்டு நடக்கும். சாயங்காலம் கெண்டைக்கால் வலிக்கும்.

அடுத்து, துளை விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே? பாதத்தின் பக்கவாட்டு அடியில் உருண்டு உள்வாங்குகிறது. பென்சில் கோடு அந்த உருளையின் வெளி அகலத்தைக் காட்டுகிறது, தரையில் படுகிற இடத்தை அல்ல. எனவே துளை பென்சில் கோட்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே வைத்தால் கால் பக்கவாட்டில் ஆடும். அதிகம் உள்ளே போனால் வார் பாதத்தை அறுக்கும்.

இனி அந்தக் கூர்மை. வாரின் முன்விளிம்பை நேர்கோடாக வெட்டாமல், நடுவில் மிக லேசாக, 5 மில்லிமீட்டர் அளவுக்குக் கணுக்கால் பக்கம் குழிவாக வளைத்துப் பாருங்கள். விரல்கள் நீளமாகத் தெரியும், பாதம் ஒல்லியாகத் தெரியும். மெட்டியும் மறையாமல் வெளியே தெரியும். இரண்டு வார்களுக்கும் இடையில் உள்பக்கம் 2 செ.மீ., வெளிப்பக்கம் 1 செ.மீ. இடைவெளி வருவதால் அந்தச் சந்து வெளிப்புறம் நோக்கிக் குறுகிப் போகும். மேலிருந்து பார்க்கும்போது கண்ணுக்கு அது பிடிக்கும். மணி, கல், பூ எல்லாம் ஒட்டுவதைவிட இந்த ஒரு சந்து செய்கிற வேலை அதிகம் என்பது என் கட்சி.

வாரின் நீளத்தை டேப்பில் கணக்குப் போடாதீர்கள். காகிதப் பட்டையைத் துளையில் நுழைத்து, கால் மேல் போட்டு, ஒரு விரல் நுழையும் தளர்ச்சியில் குறியுங்கள். அடியில் மடிக்க ஒவ்வொரு பக்கமும் 2 செ.மீ., வெல்க்ரோ ஒன்றன்மேல் ஒன்று படிய 4 முதல் 5 செ.மீ. சேருங்கள். வெல்க்ரோ பாதத்தின் வெளிப்பக்கம் வரட்டும். சொரசொரப்பான பக்கம் மேல் மடலின் அடியில். மெத்தென்ற பக்கம் கீழ் வாரில், கொஞ்சம் நீளமாக. மாற்றி வைத்தால் சொரசொரப்பு வெளியே நீட்டிக்கொண்டு புடவை நூலையும் கொலுசையும் பிடித்து இழுக்கும்.

ரெக்சின் மாதிரி

நல்ல தோலில் கை வைப்பதற்கு முன் பழைய ரெக்சின் பை, கனமான அட்டை, பழைய யோகா பாய் ஆகியவற்றில் ஒன்று செய்து போட்டு நடக்கச் சொல்லுங்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கட்டும், படி ஏறட்டும். ‘எப்படி இருக்கு’ என்று கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கு’ என்பார்கள், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். கழற்றிய உடனே காலைப் பாருங்கள். எங்கே சிவந்திருக்கிறதோ அங்கே துளையை மாற்றுங்கள்.

அடுக்குகள்

மேலிருந்து கீழே: 1 மில்லிமீட்டர் லைனிங் தோல், 6 முதல் 8 மில்லிமீட்டர் எம்.சி.ஆர். மெத்தை, 2 மில்லிமீட்டர் இன்சோல் அட்டை, குதிகாலில் மட்டும் 6 மில்லிமீட்டர் ஆப்பு, கடைசியாக 4 முதல் 5 மில்லிமீட்டர் ரப்பர் சோல்.

எம்.சி.ஆர். என்பது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த ரப்பர். அதற்கும் வேலூருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1946இல் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்குக் காரணம் சதை தானாக அழுகுவது அல்ல, உணர்ச்சி இல்லாத பாதத்தில் ஒரே இடத்தில் அழுத்தம் திரும்பத் திரும்ப விழுவதுதான் என்று காட்டினார். அதற்கு விடையாக வந்ததுதான் உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் உறுதியான சோல் என்ற செருப்பு. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி மருத்துவமனையில் அப்படிப்பட்ட செருப்புகள் தைக்கப்பட்டன. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக் கொடுக்கும் ‘எம்.சி.ஆர். செருப்பு’ அதே வழியில் வந்தது.

அந்த ‘உள்ளே மெது, அடியில் உறுதி’ என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழுக்க மெத்தென்று இருக்கும் செருப்பு கடையில் அமுக்கிப் பார்க்க நன்றாக இருக்கும். வீட்டில் ஒரு மாதம் போட்டால் குதிகால் பக்கம் சப்பையாகிவிடும். நல்ல எம்.சி.ஆரை விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே அழுத்தினால் கனத்தில் பாதி அமுங்கி, விட்டவுடன் எழ வேண்டும். அமுங்கவே இல்லையென்றால் அது வெறும் ரப்பர் ஷீட். உணர்ச்சி குறைந்த காலுக்கோ ஏற்கனவே புண் வந்த காலுக்கோ நாமே வடிவமைப்பது சரியல்ல. மருத்துவமனையில் அளவெடுத்துச் செய்வதே முறை. எந்தச் செருப்பிலும் ஆணி மட்டும் அடிக்க விடாதீர்கள்.

சோலுக்கு எடை குறைந்த ஈ.வி.ஏ. என்ற நுரைப் பிளாஸ்டிக் ஷீட்டைச் சிலர் சொல்வார்கள். எடையில்லாதது உண்மை. ஆனால் நம்மூர் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டுவிட்டு அங்கேயே செருப்பை விட்டால் அது சுருங்கிப்போகும். அதனால் ரப்பர்தான் என் தேர்வு. வெளிர் நிறமாகப் பாருங்கள், கறுப்பு ரப்பர் டைல்ஸில் கோடு போடும். அடியில் கோடுகள் வெட்டிய ரகம் வேண்டும். வழவழப்பான சோல் ஈரக் கிரானைட்டில் நிற்காது.

தோல் எடுப்பது

ஆம்பூர் பக்கம் துண்டுத் தோலை எடைக்கு வாங்கலாம். சென்னையில் இருப்பவர்களுக்குப் பெரியமேடு. வாருக்கு 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் கனத்தில் குரோம், அதாவது குரோமிய உப்பில் பதனிட்ட மாட்டுத்தோல் எடுங்கள். மெது, நிறம் அதிகம், ஈரத்தைத் தாங்கும். காலடி லைனிங்குக்கு மரப்பட்டையில் பதனிட்ட தோல் நல்லது. ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஆவாரம் பட்டையில் பதனிட்டார்கள், பிறகு வாட்டில் மரத்தின் பட்டை வந்தது. இந்தத் தோல் வியர்வையை உறிஞ்சும், போகப் போகப் பாதத்தின் அச்சை வாங்கிக்கொள்ளும். ரெக்சின் லைனிங் போட்டால் மே மாதத்தில் பாதம் ஒட்டிக்கொண்டு சத்தம் போடும்.

துண்டைக் கையில் எடுத்ததும் இரண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள். முதுகுத்தண்டின் திசையில் தோல் குறைவாக நீளும், குறுக்கே அதிகம் நீளும். வாரின் நீளம் குறைவாக நீளும் திசையில் வர வேண்டும். வயிற்றுப் பகுதித் தோலை வாருக்கு வாங்கவே வேண்டாம், கொஞ்ச நாளில் தொளதொளவென்று ஆகும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். நிறம் இறங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், அது நாளைக்குக் காலிலும் புடவையிலும் இறங்கும்.

நிறத்தில் எனக்குப் பிடித்தது ஒரே நிறத் தோலும் அதைவிட ஒரு படி அடர்ந்த நூலும். காவிச் சிவப்பு வாருக்கு அரக்கு நூல். வெட்டிய விளிம்பை அப்படியே விடாமல் ஒரு பூச்சு கொடுக்கச் சொல்லுங்கள்.

தைப்பதும் ஒட்டுவதும்

வாரின் ஓரங்களையும் அடியில் மடியும் முனைகளையும் கத்தியால் சீவி மெலிதாக்க வேண்டும். ஸ்கைவிங் என்பார்கள். முனை தடித்திருந்தால் மெத்தையையும் மீறிக் காலில் உறுத்தும். வாரோடு லைனிங்கை ஒட்டி ஓரத்திலிருந்து 2 மில்லிமீட்டர் விட்டுத் தையல். வெல்க்ரோவைச் சுற்றித் தைக்க வேண்டும், வெறும் ஒட்டு நிற்காது.

லைனிங், மெத்தை, இன்சோல் அட்டை மூன்றையும் ஒட்டிய பிறகு துளை வெட்டி, வாரை நுழைத்து அட்டைக்கு அடியில் மடித்து ஒட்டுங்கள். இந்தக் கட்டத்தில் இன்னொரு முறை காலில் போட்டுப் பாருங்கள், சோல் ஒட்டிவிட்டால் மாற்ற முடியாது. சரியாக இருந்தால் மடிப்பின் மேல் தையலும் போட்டுவிடுங்கள்.

ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். சொல்யூஷனை (செருப்பு ஒட்டும் பசை) இரண்டு பரப்பிலும் மெல்லிசாகப் பூசி, 10 முதல் 15 நிமிடம் காத்திருங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் பொருத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுத்தியால் தட்டிக்கொண்டு போங்கள். ஈரத்தோடு ஒட்டினால் பசையின் ஈரம் உள்ளேயே அடைபட்டு அடுத்த மாதமே வாய் பிளக்கும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது. ஒரு இரவு கனம் வைத்து விடுங்கள். மறுநாள் ஓரத்தை ஒரே கோடாகத் தேய்த்துவிட்டால் செருப்பு ரெடி.

மிச்சத் துண்டுகளைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். குரோம் தோல் எரியும்போது அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்துக்கு மாறக்கூடும். தோல் கழிவுநீர் பாலாற்றை என்ன செய்தது என்பதற்கு 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்பே எழுதியிருக்கிறது. நம் பங்குக்கு நாம் சேர்க்க வேண்டாம். சின்னத் துண்டுகள் சாவிக்கொத்துக்கு ஆகும்.

அட்டையைத் தூக்கிப் போடாமல், பெயரும் தேதியும் எழுதிப் பீரோவில் வையுங்கள். மெத்தை அமுங்கி எழாமல் போனால் அதே அட்டையில் அடிப்பாகத்தை மட்டும் மாற்றித் தைக்கலாம், வார் நன்றாக இருந்தால் அதையே திரும்ப நுழைக்கலாம். புது ஜோடி என்றால் மட்டும் காலைத் திரும்ப வரைந்து பாருங்கள். வயது ஏற ஏறப் பாதம் அகலும்.